உடம்பைக் குறைக்க எனக்கான சாப்பாடு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 46, உயரம் 157 செ.மீ. பதினான்கு மாதத்தில் 81 கிலோவிலிருந்து 69.5 கிலோவுக்கு வந்தேன். ஆசிரியர் அறை, கல்யாணப் பந்தி, பஸ் நிறுத்தம், குடும்ப வாட்ஸ்அப் என்று எங்கே போனாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. படித்ததும், தராசில் நிறுத்துப் பார்த்ததும், என் உடம்பில் கண்டதும்தான் இதில் இருக்கிறது.

டீச்சர், என்ன டயட் இருக்கீங்க?

பெயர் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. காலையில் இட்லியோ தோசையோ, மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர், ராத்திரி வீட்டில் என்ன இருக்கிறதோ அது. முன்பும் இதைத்தான் சாப்பிட்டேன். எதை எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதில் நாலைந்து இடங்களில் மட்டும் கை வைத்தேன்.

இப்படிச் சொன்னால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைப்பு. அவர்களுக்காக ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் என்பவர் தலைமையில் 609 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு, இன்னொரு பிரிவுக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் சராசரியாக முதல் பிரிவு 5.3 கிலோ, இரண்டாவது 6 கிலோ குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. 2018-ல் முடிவு வெளியானது. எனக்கு அதில் பிடித்த விஷயம் சராசரி இல்லை. இரண்டு பிரிவிலுமே சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலருக்கு எடை கூடியே போனது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒருத்தன் நூறு, ஒருத்தன் ஃபெயில். டீச்சருக்கு இது புதுசா?

அப்போ எனக்கு எது ஒத்துவரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், வாயில் போகிற அத்தனையையும் எழுதுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணி, அப்போது பசித்ததா இல்லையா. அவ்வளவுதான். எல்லோரும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்வார்கள். எனக்கு இதுதான் மொத்த வித்தையும்.

என் நோட்டில் என்ன இருந்தது என்று கூச்சப்படாமல் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம், 160 கலோரி. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாள் சீனியை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நான் டீயிலேயே அதைத் தாண்டிவிட்டேன்.

அடுத்தது மகனின் மிச்சம். டப்பாவில் பாதி திரும்பி வரும் எலுமிச்சை சாதம், அவன் ஒதுக்கிய அரை தோசை, குக்கரின் அடியில் ஒரு கரண்டி. "கொட்டினா பாவம்" என்று நின்றபடியே உள்ளே தள்ளியது. தட்டில் போட்டுச் சாப்பிடாததால் அது சாப்பாடு என்றே எனக்குப் பட்டதில்லை. பதினான்கு நாளில் பதினொரு நாள் இது இருந்தது.

மூன்றாவது, சாயங்காலம் நாலரை மணி. பள்ளி விட்டு வந்ததும் இரண்டு கடலை மிட்டாய், ஒரு கை சாத்தூர் சேவு. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கடலையும் வெல்லமும் சேர்ந்தால் 100 கிராமுக்கு 500 கலோரி பக்கம் வரும். நான் தின்ற இரண்டு துண்டு ஏறக்குறைய 50 கிராம். கூடவே எழுதிய குறிப்பு: "நல்ல பசி, கை நடுங்கியது." மதியம் பன்னிரண்டே காலுக்குச் சாப்பிட்டால் நாலரைக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அது நாக்கு ஆசை இல்லை, நிஜப் பசி. பசிக்குப் பல்லைக் கடித்துப் பிரயோசனம் இல்லை, சாப்பாடுதான் தர வேண்டும். இப்போது தூக்கில் ஒரு கிண்ணம் சுண்டல் கொண்டுபோகிறேன். மூன்றரைக்கு, கடைசிப் பீரியடுக்கு முன் சாப்பிட்டுவிடுவேன். வீட்டுக்கு வரும்போது சேவு டப்பா என்னைக் கூப்பிடுவதில்லை.

உங்கள் நோட்டில் வேறு இருக்கும். எங்கள் அலுவலக உதவியாளர் எழுதிப் பார்த்தபோது அவருடைய கோளாறு முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல் கடைப் பரோட்டாவில் இருந்தது. பகலில் அவர் சாப்பிடுவது என்னைவிடக் குறைவு. என் சுண்டல் யோசனை அவருக்கு எதற்கு?

நான் குண்டு இல்லையே, தொப்பை மட்டும்தானே?

நம்மில் அதுதான் சிக்கல். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல்பருமன் என்று கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். தராசைவிட இஞ்ச் டேப் நல்லது: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

என் பி.எம்.ஐ. 32.9-லிருந்து 28.2-க்கு வந்திருக்கிறது. அந்தக் கோட்டின்படி நான் இன்னும் பருமன்தான். ஆனால் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அசைந்து கொடுக்கும் என்கிறார்கள். என் அழுத்தம் குறைந்தது, முழங்கால் வலி போனது. மாடி வகுப்புக்கு முனகாமல் ஏறுகிறேன்.

சோற்றை விட்டுடணுமா?

நான் விடவில்லை. விடச் சொன்னால் மூன்றாம் நாள் நானே தோற்றுப்போவேன் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் என் மதியச் சோற்றைத் தராசில் வைத்தேன். 380 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்றால் சோறு மட்டும் கிட்டத்தட்ட 490. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போடுகிற குடும்பம் எங்களுடையது. இப்போது 220 கிராம்தான் மொத்தமும். அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ரசம் இல்லாத சாப்பாடு எனக்குச் சாப்பாடாகவே தெரியாது, அதனால் ரசத்தை விடாமல் சோற்றைக் குறைத்தேன்.

குறைத்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு விடாது. இங்கேதான் நம் வீட்டுச் சமையலின் ஓட்டை தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ஆதரவோடு நாடு முழுவதும் நடந்த 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் 2025 அறிக்கைப்படி நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் குறைச்சல். "தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். வாருங்கள், கணக்குப் போடுவோம். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. அதில் புரதம் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 50 கிராம். சாம்பார் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. மீதிக்கு முட்டை (ஒன்றுக்கு 6 கிராம்), மீன், ஒரு கிண்ணம் சுண்டல் (12 கிராம் பக்கம்), தயிர், கெட்டிப் பருப்பு, பட்டாணி என்று தேட வேண்டும். என் தட்டில் பொரியல் இப்போது ஒரு ஓரத்தில் இல்லை, பாதித் தட்டு அதுதான். முதல் இரண்டு வாரம் மாடு மாதிரி மேய்கிறேன் என்று வீட்டில் கிண்டல்.

சிறுதானியத்துக்கு மாறினா எடை குறையும்ல?

அரிசியும் தினையும் சாமையும் வரகும் சமைக்காமல் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரே கலோரிதான். நார்ச்சத்து கூட இருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அது நல்லது. "சிறுதானியம்தானே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு தப்பும். முன்னே சொன்ன அதே 2025 ஆய்வில், அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புரதம் வைத்தால் குறைவதாகத் தெரிந்தது. கரிசல் காட்டுக்காரி நான், கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் ருசிக்காகச் சாப்பிடுகிறேன். மருந்தாக இல்லை.

எண்ணெயை எவ்வளவு குறைக்கணும்?

ஸ்பூன் கணக்கு சமையலறையில் நடக்காது. மாதக் கணக்கு போடுங்கள். நாங்கள் நாலு பேர், மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கினோம். ஒரு லிட்டர் 920 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு ஒரு நாள் 38 கிராம். முன்னே சொன்ன ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 கலோரிக்குப் போட்ட மாதிரித் தட்டில் எண்ணெய் 27 கிராம். 11 கிராம் அதிகம், கிராமுக்கு 9 கலோரி, ஆக தினம் 100 கலோரி யார் கண்ணிலும் படாமல் உள்ளே போயிருக்கிறது. இப்போது மூன்றரை லிட்டரோடு நிறுத்திவிடுகிறேன். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். அப்பளம் சுட்டது, பொரித்தது ஞாயிறு மட்டும். யாருக்கும் நான் அறிவிக்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

எனக்காகத் தனிச் சமையல் யார் செய்வா?

யாரும் செய்யமாட்டார்கள், நீங்களும் செய்யாதீர்கள். தனிச் சமையல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து நான் பார்த்ததில்லை. ஒரே சமையல், வேறு வேறு தட்டு. அவ்வளவுதான் வழி. என் அத்தைக்கு (மாமியாரைச் சொல்கிறேன்) வயது 74, அவர்கள் எடை குறையக் கூடாது. அதே குழம்பில் அவர்களுக்கு ஒரு ஸ்பூன் நெய் அதிகம் விழும். "இன்னும் ஒரு அன்னக்கை போடட்டுமா, என்ன கொறிக்கிறே" என்று அவர்கள் கேட்பதை நிறுத்த எனக்கு ஐந்து மாதம் ஆனது. கடைசியில் ஒரு வழி கண்டேன்: முதலில் பொரியலைப் போட்டு, பிறகு சோற்றைப் போட்டால் தட்டு நிறைந்து தெரிகிறது.

ராத்திரி சாப்பாட்டை விட்டா குறையுமா? பதினாறு மணி நேர விரதம் நல்லதா?

எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காலைச் சாப்பாட்டைத் தள்ளி, பதினொன்றரைக்கு முதல் சாப்பாடு, ராத்திரி ஏழரைக்குக் கடைசிச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டார். அலட்டாமல் ஆறு கிலோ குறைந்தது. நானும் ஆசைப்பட்டு ஒன்பது நாள் செய்தேன். இரண்டாவது பீரியடிலேயே தலைவலி, பிள்ளைகள் மேல் எரிச்சல். ஒரு பையனைக் காரணமில்லாமல் வெளியே நிறுத்திவிட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. மதியம் வந்ததும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். நோட்டைப் பார்த்தால் மொத்தக் கணக்கு முன்பைவிட அதிகம். பத்தாம் நாள் மூன்று இட்லிக்குத் திரும்பினேன். பட்டினி நேரத்தில் மாயம் ஒன்றும் இல்லை. சிலருக்கு அது மொத்த அளவைக் குறைக்க எளிய வேலி, சிலருக்கு வேலி தாண்டி மேய வைக்கும்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரி மருந்து எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் இதில் இறங்கக் கூடாது.

பேலியோ, கீட்டோ?

இரண்டுமே சோறு மாதிரி மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கிற முறைகள். தமிழ்நாட்டில் பேலியோவால் எடை இறங்கியவர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். கறி, முட்டை, பாதாம் என்று பசி அடங்குகிறது, அதனால் குறைகிறது. இரண்டு வருஷம் கழித்தும் அதில் இருப்பவர் அந்த நாலைந்தில் ஒருவர். அவருக்கு அது உண்மையாகவே அவருடைய சாப்பாடு ஆகிவிட்டது, குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குச் சோறு திரும்பியது, எடையும் கூடவே வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டபாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் தாங்களாக மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து.

கொள்ளு? வெந்நீரில் தேன், எலுமிச்சை? சீரகத் தண்ணி?

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருக்கிறது. கொள்ளில் புரதமும் நாரும் உண்டு, கொள்ளு ரசமும் துவையலும் அருமை. கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதிலும் இல்லை. தேன் ஒரு பெரிய ஸ்பூன் 60 கலோரி. சீரகத் தண்ணி தண்ணிதான்.

மரபணு டெஸ்ட் எடுத்தா நமக்கான டயட் தெரிஞ்சிடுமாமே?

ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியில் அதையும் பார்த்தார்கள். யாருக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்ட மரபணு வகை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல சமையலறைத் தராசு, ஒரு இஞ்ச் டேப், வருஷம் முழுக்க சுண்டலுக்குக் கடலை வாங்கலாம்.

முதல் மாசம் மூணு கிலோ குறைஞ்சுது, அப்புறம் நின்னுபோச்சே?

முதல் மாதக் குறைவில் ஒரு நல்ல பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் பக்கம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். சாப்பாடு குறைந்ததும் அது வெளியேறும். கொழுப்பு அவ்வளவு வேகமாகப் போகாது. வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. எனக்கு அதுகூட இல்லை, மாதத்துக்கே முக்கால் கிலோ.

நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 81 கிலோ உடம்பைச் சுமக்கச் செலவான சக்தி 72 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. பழைய பட்ஜெட்டில் இனி மிச்சம் விழாது. ஏழாவது மாதம் எனக்கு நின்றது. ஆறு வாரம் முள் அசையவில்லை. திரும்ப நோட்டை எடுத்தேன், அதுவரை எழுதுவதை விட்டிருந்தேன். கிண்ணம் சுண்டல் எப்படியோ பெரிய கிண்ணம் ஆகியிருந்தது. தேங்காய்ச் சட்னி இரண்டு கரண்டி மூன்றாகியிருந்தது. தினமும் எடை பார்ப்பவர்கள் மனசு ஒடிந்துபோவார்கள். ஒரு கல்யாண விருந்தின் உப்பு மறுநாள் ஒரு கிலோ காட்டும், மாதவிடாய்க்கு முன் ஒன்றரை காட்டும். நான் வெள்ளிக்கிழமை காலை மட்டும் பார்க்கிறேன், நாலு வெள்ளியின் சராசரியைத்தான் கணக்கில் எடுக்கிறேன்.

தினமும் நடக்கிறேன், குறையலையே?

அரை மணி நடைக்கு 120 கலோரி பக்கம்தான் செலவாகும். நடந்து முடித்து டீக்கடையில் ஒரு வடை சாப்பிட்டால் வரவும் செலவும் சரி. அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது வேண்டும். எடைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது மாதிரி தசைக்கு வேலை கொடுங்கள். சாப்பாடு குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், நாற்பதுக்கு மேல் அது திரும்ப வருவது கஷ்டம்.

கல்யாண வீடு, தீபாவளி எல்லாம்?

சாப்பிடுங்கள். போன வைகாசியில் எனக்கு ஒரே மாதத்தில் ஒன்பது முகூர்த்தம். பந்தியில் உட்காருவேன், பாயசமும் ஒரு இனிப்பும் உண்டு, சோறு ஒரே முறை. மறுநாள் பட்டினி கிடந்து பரிகாரம் செய்வதில்லை. தீபாவளிக்கு ஒரே ஒரு மாற்றம்: பலகாரத்தை அரைப்படி மாவுக்குச் செய்தோம், ஐந்து நாளில் தீர்ந்தது. முன்பு கார்த்திகை வரை டப்பாவில் முறுக்கு இருக்கும்.

இப்ப ஊசி வந்திருக்காமே, போட்டுக்கலாமா?

செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசிகள் உடல்பருமனுக்காக 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. பசியைக் குறைத்து நன்றாக வேலை செய்கின்றன. என்னுடன் வேலை செய்யும் ஒருவர் டாக்டர் சொல்லித்தான் போடுகிறார், அவருக்குச் சர்க்கரையும் 108 கிலோவும் இருந்தன. குமட்டல் இருக்கிறது என்கிறார். நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம். யாருக்கு வேண்டும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரி போட்டாள் என்று மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

யார் இதையெல்லாம் தானாகச் செய்யக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள். சாப்பிடவே பயப்படுகிறவர்கள், சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறவர்கள். இவர்களுக்கு நோட்டும் தராசும் கெடுதலே செய்யும், ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாகக் குறைந்தாலும் சந்தோஷப்படாமல் டாக்டரைப் பாருங்கள். ஆரம்பிக்கும் முன் எல்லோருமே ஒரு முறை தைராய்டு, சர்க்கரை, ரத்த அணு பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு ரத்தசோகை இருந்தது அப்போதுதான் தெரிந்தது, களைப்புக்கெல்லாம் எடைதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

கடைசியா ஒண்ணு டீச்சர், கடலை மிட்டாயை விட்டுட்டீங்களா?

கோவில்பட்டியில் இருந்துகொண்டா? சனிக்கிழமை சாயங்காலம், சுண்டல் சாப்பிட்ட பிறகு, ஒரு துண்டு. பாக்கெட்டை மகன் அவன் அலமாரியில் வைத்திருக்கிறான். சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன்.